பார்பியின் வேலைகள்: பொம்மையைப் பார்ப்பதா, அவளுடைய பையைத் திறந்து பார்ப்பதா?

பெட்டகம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பார்பியைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே அவள் இதுவரை எத்தனை வேலை பார்த்திருக்கிறாள் என்ற எண்ணிக்கையில்தான் போய் நிற்கிறது. 200க்கு மேல் என்று தயாரிப்பாளரான மேட்டல் நிறுவனமே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. அந்த எண்ணிக்கையால் எனக்கு ஒரு பயனும் இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் அவள் கையில் என்னென்ன சாமான் கொடுத்து அனுப்பினார்கள் என்று பார்த்தால்தான், அந்த வேலையைப் பற்றி அன்றைய அமெரிக்கா என்ன நினைத்தது என்பது பிடிபடும்.

1961இல் வந்த செவிலியர் உடையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சீருடை, தொப்பி, சிவப்பு உள்துணி வைத்த கருநீல மேலங்கி, மூக்குக் கண்ணாடி. இவற்றோடு ஒரு மருந்துக் குப்பி, விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவில் ஒரு கரண்டி, ஒரு வெந்நீர்ப் பை, சுருட்டிய பட்டயச் சான்றிதழ். பதினொன்றரை அங்குலப் பொம்மைக்கு இத்தனையும் அளவெடுத்துச் செய்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1963இல், பார்பியின் ஜோடியாக வரும் ஆண் பொம்மையான கென் டாக்டராக வந்தான். அவனுக்கு ஸ்டெதாஸ்கோப், நெற்றியில் கட்டும் வட்டக் கண்ணாடி, முகக்கவசம், கறுப்பு மருத்துவப் பை. இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நோயைக் கண்டுபிடிக்கும் கருவி எல்லாம் ஒரு பக்கம், நோயாளிக்கு ஆறுதல் தரும் பொருள் எல்லாம் மறுபக்கம்.

வரலாற்றுச் சான்று என்ற அளவில் இந்தச் சின்னச் சாமான்களை எவ்வளவு தூரம் நம்பலாம்? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மரகதம் (ஓய்வு பெற்ற செவிலியர்) எழுதியது:

பெட்டகம் அவர்களே, நீங்கள் அந்தச் சான்றிதழைச் சீக்கிரமாகக் கடந்துவிட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. முப்பது வருடத்துக்கு மேல் வார்டில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். செவிலியர் வேலை என்றால் பெண்களுக்குப் பிறவியிலேயே வரும் இரக்கம் என்று பேசுகிறவர்களை வாழ்நாள் முழுக்கப் பார்த்துவிட்டேன். அந்தப் பொம்மைக்கு ஒரு சான்றிதழ் கொடுத்து, இவள் படித்துத் தேர்ந்து பதிவு பெற்றவள் என்று ஒரு பொம்மைக் கம்பெனி 1961இலேயே காட்டியிருக்கிறது. கென் டாக்டரின் பெட்டியில் சான்றிதழ் உண்டா? உங்கள் பட்டியலில் நான் பார்க்கவில்லை. அவன் படித்தவன் என்று யாருக்கும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை போலும்.

வெந்நீர்ப் பையைக் குறைவாக நினைக்க வேண்டாம். வலியில் துடிக்கிறவருக்கு அதை எங்கே வைப்பது, எவ்வளவு சூட்டில் வைப்பது, தோல் பொத்துப்போகாமல் எப்போது எடுப்பது என்பதெல்லாம் பயிற்சியில் வருவது. ஆனால் வெப்பமானி இல்லை, ஊசி இல்லை, நாடி பார்க்க ஒரு கடிகாரம்கூட இல்லை. அந்தக் குறை எனக்கும் உறுத்துகிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நண்பர்களே, நான் சற்று மாறுபடுகிறேன். இந்தச் சாமான்களைச் சமூக வரலாறு என்று படிப்பதற்கு முன்னால் வியாபாரக் கணக்காகப் படிக்க வேண்டும்.

1959 மார்ச் 9ஆம் தேதி நியூயார்க் பொம்மைச் சந்தையில் பார்பி அறிமுகமானபோது பொம்மையின் விலை 3 டாலர். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ஒரு நீச்சலுடையோடு வந்தாள். வேறு எது வேண்டுமென்றாலும் தனியாகத்தான் வாங்க வேண்டும். அதே ஆண்டு வந்த மணப்பெண் உடையின் விலை 5 டாலர், பொம்மையை விட அதிகம்! மேட்டல் நிறுவனர்களில் ஒருவரான ரூத் ஹேண்ட்லர் இந்தப் பொம்மையை உருவாக்கியதே, ஒருமுறை பொம்மை வாங்கியவர் வருடக்கணக்கில் உடை வாங்கிக்கொண்டே இருப்பார் என்ற கணக்கில்தான். செவிலியர், விமானப் பணிப்பெண், பாலே நடனக்காரி எல்லாமே அந்த வரிசையில் வந்த இன்னொரு உடை, அவ்வளவுதான்.

இன்னொன்று. பொம்மை வெளிவருவதற்கு முன்பே மேட்டல், வியன்னாவில் பிறந்த எர்னெஸ்ட் டிக்டர் என்ற உளவியலாளரை அமர்த்தித் தாய்மார்களின் மனநிலையை ஆராய்ந்தது. தாய்மார்களுக்கு இந்தப் பொம்மை பிடிக்கவில்லை. தலைவாரி, நேர்த்தியாக உடுத்திக்கொள்ளப் பெண் பிள்ளைக்கு இது கற்றுத்தரும் என்று சொன்னால் ஏற்பார்கள் என்று அவர் கண்டுகொண்டார். ஆக, சான்றிதழும் மூக்குக் கண்ணாடியும் அம்மாவின் மனதைக் கரைக்க வைத்தவை. பெண் விடுதலையை அதில் தேடுவது நாமாக ஏற்றிச் சொல்வது.

பெட்டகம் எழுதியது:

கணக்குப்பிள்ளை ஐயா, வியாபாரம் என்பதை நான் மறுக்கவே இல்லை. விற்க வேண்டும் என்று செய்த பொருள் என்பதால்தான் அதற்குச் சான்று மதிப்பே வருகிறது. வாங்குகிற தாய்க்கும் பிள்ளைக்கும் பார்த்தவுடன் புரிய வேண்டும், உறுத்தவும் கூடாது. அந்த இடுக்கு வழியில் எது நுழைந்ததோ அதுவே அந்தக் காலத்தின் பொது எண்ணம். ஒரு தனி எழுத்தாளர் தன் கருத்தை எழுதிவிட்டுப் போகலாம். பொம்மைக் கம்பெனிக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

மூக்குக் கண்ணாடியைச் சொன்னீர்கள். 1960இல் வந்த ஆடை வடிவமைப்பாளர் உடையில் சிவப்பு கோட்டு, பாவாடையோடு கண்ணாடி உண்டு. செவிலியர் உடையில் உண்டு. 1965 பயிற்சி ஆசிரியை உடையில் பூகோள உருண்டை, சுட்டுக்கோல், புவியியல் புத்தகம் இவற்றோடு மறுபடியும் கண்ணாடி. விருந்துக்குப் போகும்போது அவளுக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது! மூளையைப் பயன்படுத்தும் பெண் என்று காட்ட அவர்களுக்குக் கிடைத்த ஒரே அடையாளம் அது.

அதே 1965இல், தோழிகள் ஒரு வீட்டில் கூடி இரவு தங்கும் விருந்துக்கென வந்த இரவு உடையோடு ஓர் எடைக்கருவி வரும். முள் 110 பவுண்டில் நிரந்தரமாக நிற்கும். கூடவே எடை குறைப்பதற்கான ஒரு புத்தகம். பின் அட்டையில் ஒரே அறிவுரை: சாப்பிடாதே. புவியியல் புத்தகமும் இந்தப் புத்தகமும் ஒரே ஆண்டில் ஒரே பொம்மைக்காக அச்சானவை. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

வான்மதி எழுதியது:

விமானப் பணிப்பெண் உடையையும் இதே கண்ணோடு பார்க்கலாம். 1961இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பெயரோடு வந்தது. கருநீலச் சீருடை, வெள்ளிச் சிறகுச் சின்னம், தோளில் கறுப்புப் பை, விமான நிறுவனத்தின் பெயர் பொறித்த பயணப் பை. மிக அழகான வேலைப்பாடு. ஆனால் நிஜத்தில் அந்தச் சீருடையை அணிந்த பெண் திருமணம் செய்துகொண்டால் வேலை போய்விடும். 1953 முதல் அந்த நிறுவனத்தில் 32 வயதானால் பறக்கும் பணியிலிருந்து இறங்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. 1964 குடிமை உரிமைச் சட்டத்தைத் துணையாக வைத்துத் தொழிற்சங்கம் போராடியபிறகு, 1960களின் இறுதியில்தான் இந்த விதிகள் உடைந்தன. பொம்மைக்கு வயதும் ஆகாது, திருமணமும் நடக்காது. நிறுவனம் கனவு கண்ட ஊழியை அவள்.

கென் 1964இல் அதே நிறுவனத்தின் விமானி உடையில் வந்தான். பார்பி விமானி அறைக்குள் போக 1990வாக்கில் வந்த பொம்மை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் முதல் பெண் விமானியை 1973இலேயே சேர்த்துவிட்டது. இந்த இடத்தில் பொம்மை நிஜத்துக்குப் பல வருடம் பின்தங்கியிருக்கிறது.

தொலைநோக்கி எழுதியது:

வான்மதி அக்கா சொன்னதற்கு நேர் எதிரான ஓர் எடுத்துக்காட்டு என்னிடம் இருக்கிறது. விண்வெளி.

சோவியத் ஒன்றியத்தின் வாலெண்டினா தெரஷ்கோவா 1963 ஜூனில் விண்வெளிக்குப் போனார். அமெரிக்காவில் அதற்கு முந்தைய ஆண்டுதான், பெண்களை விண்வெளி வீரர்களாகச் சேர்க்கலாமா என்று நாடாளுமன்றக் குழு விசாரித்தது. அரசு சாராத மருத்துவச் சோதனைகளில் தேறிய பெண் விமானிகள் வந்து வாதாடினார்கள். விண்வெளி வீரர் ஜான் கிளென் போன்ற பெரிய பெயர்கள், இந்தத் துறையில் பெண்கள் இல்லாதது நம் சமூக அமைப்பின் விளைவு என்ற ரீதியில் பேசிவிட்டுப் போனார்கள். கதவு திறக்கவில்லை. நாசா முதல் பெண்களைத் தேர்ந்தெடுத்தது 1978இல். விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண்ணான சாலி ரைட் பறந்தது 1983இல்.

இந்த இடைவெளியில், 1965இல், பார்பிக்கு விண்வெளி உடை வந்தது. வெள்ளி நிற உடுப்பு, வெள்ளைத் தலைக்கவசம், பழுப்புக் கையுறை, பழுப்பு பூட்ஸ், கையில் ஓர் அமெரிக்கக் கொடி. நாசாவின் முதல் மனித விண்வெளித் திட்டமான மெர்க்குரியின் வீரர்கள் அணிந்த வெள்ளி உடையை ஒட்டிச் செய்தது. உடலோடு ஒட்டிப் பிடிக்காது, தொளதொளவென்று இருக்கும், இடுப்பு எங்கே என்றே தெரியாது. அதே ஆண்டு கென்னுக்கு வந்த விண்வெளி உடைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. செவிலியர் பெட்டியையும் டாக்டர் பெட்டியையும் ஒப்பிட்டது போல இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு பாகுபாடும் தெரியாது.

எனக்கு ஆச்சரியமாக இருப்பது அடுத்த கட்டம். சாலி ரைட் பறந்து வந்தபிறகு, 1980களின் நடுவில் வந்த விண்வெளி பார்பிக்கு இளஞ்சிவப்பு உடை, புஸ்ஸென்ற தோள், பளபளப்பு. நிஜ அமெரிக்கப் பெண் போகாத காலத்தில் நிஜமான உடை, நிஜ அமெரிக்கப் பெண் போய் வந்தபிறகு அலங்கார உடை. காலம் செல்லச் செல்ல எல்லாம் முன்னேறும் என்று நினைத்துக்கொண்டு இந்தப் பொம்மைகளை வரிசையாக அடுக்கினால் ஏமாந்துபோவோம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

தம்பி தொலைநோக்கி, இந்த ஒப்பீடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் 1965இல் விண்வெளி என்பது பொம்மைக் கடை முழுக்க விற்ற சரக்கு என்பதை மறக்க வேண்டாம்.

ஊசிநூல் எழுதியது:

நான் தையல் தொழிலில் இருப்பவள். என் கண் எப்போதும் உள்பக்கத் தையலுக்குத்தான் போகும்.

1960களின் தொடக்கத்து உடை ஒன்றை ஒரு தோழியிடம் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். கோட்டுக்கு உள்துணி வைத்திருக்கிறார்கள். பின்பக்கம் நிஜமாகவே ஓடும் ஜிப் இருக்கிறது. பட்டன்கள் அரிசி மணியை விடச் சற்றுப் பெரியவை, அவற்றுக்குக் காஜா எடுத்திருக்கிறார்கள். ஆறில் ஒரு பங்கு அளவில் இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்று தைத்தவர்களுக்குத்தான் தெரியும். தோள் இணைப்பில் துணி மடிப்பு கொஞ்சம் தடித்தால் உடை முழுவதும் விறைத்து நிற்கும். மெல்லிய நூல், மிகச் சிறிய தையல், வளைவுகளில் நெருக்கமாகக் கத்தரித்த ஓரம் என்று எல்லாம் சரியாக அமைந்தால்தான் பொம்மையின் மேல் துணி துணியாக விழும்.

சார்லட் ஜான்சன் என்ற வடிவமைப்பாளர் ஜப்பானுக்கே போய்த் தங்கி இந்த உடைகளை உருவாக்கினார். தைத்தவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே கூலிக்கு வேலை செய்த ஜப்பானியப் பெண்கள். கூலி உயர்ந்ததும் தயாரிப்பு இடம் மாறியது. தைவானில் தைபேக்கு அருகில் உள்ள தைஷானில் 1967இல் தொழிற்சாலை வந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். 1987இல் மூடிவிட்டார்கள். வேலை வேறு நாடுகளுக்குப் போய்விட்டது. தைஷான் மக்கள் அந்தக் காலத்தை மறக்காமல் தங்கள் ஊரின் வரலாறாகப் பேணுகிறார்கள்.

பார்பி டாக்டரானாள், விமானியானாள், அதிபர் தேர்தலில்கூட நின்றாள். தையல் எந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து, துண்டுக் கணக்கில் கூலி வாங்கும் பார்பியை நான் பார்த்ததில்லை. அவளுடைய ஒவ்வொரு வேலையையும் உருவாக்கியவர்கள் பார்த்த வேலை அது ஒன்றுதான். கலாச்சாரப் பொருள் என்று அருங்காட்சியகத்தில் வைத்தால், விவர அட்டையில் வடிவமைப்பாளர் பெயருக்குக் கீழே ‘ஜப்பானில் வீட்டுத் தையற்காரர்களால் தைக்கப்பட்டது’ என்ற ஒரு வரியாவது இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

மரகதம் (ஓய்வு பெற்ற செவிலியர்) எழுதியது:

நல்ல வார்த்தை சொன்னாய், அம்மா.

நிரலி எழுதியது:

நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன். என் வேலைக்கு வந்த பொம்மையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் 1992. பேசும் பார்பி ஒன்று வந்தது. மொத்தம் 270 வாக்கியங்கள், ஒவ்வொரு பொம்மைக்கும் அவற்றில் 4 மட்டும். கணக்கு வகுப்பு கடினமாக இருக்கிறது என்பது அந்த வாக்கியங்களில் ஒன்று. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கம் கண்டித்தபிறகு அந்த வாக்கியத்தை நீக்கினார்கள். அடுத்த ஆண்டு, பார்பி விடுதலை அமைப்பு என்ற பெயரில் சில கலைஞர்கள், பார்பியின் குரல் பெட்டியையும் ஜி.ஐ. ஜோ என்ற போர்வீரப் பொம்மையின் குரல் பெட்டியையும் மாற்றிப் பொருத்தி மறுபடியும் கடை அலமாரியில் கொண்டுபோய் வைத்தார்கள். வாங்கிய வீட்டில் பார்பி போர் முழக்கம் செய்தாள், வீரன் கடைவீதிக்குப் போகலாமா என்று கேட்டான்.

2010இல் அடுத்த வேலை எது என்று மேட்டல் இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தியது. சிறுமிகளின் தேர்வு செய்தி வாசிப்பாளர். பெரியவர்களின் வாக்கில் வென்றது கணினிப் பொறியாளர். பெண் பொறியாளர் சங்கத்திடமும் தேசியப் பொறியியல் கழகத்திடமும் ஆலோசனை கேட்டுச் செய்தார்கள். இரும எண்கள் அச்சிட்ட மேல்சட்டை, காதில் ஹெட்செட், இளஞ்சிவப்பு மூக்குக் கண்ணாடி, இளஞ்சிவப்பு லேப்டாப். நிறத்தைப் பார்த்துப் பலர் எரிச்சலடைந்தார்கள். எனக்கு எரிச்சல் இல்லை. கருவி கையில் இருக்கிறது, அலுவலகத்தில் நாங்கள் அணிவது போலச் சாதாரணமாக உடுத்தியிருக்கிறாள், அது போதும்.

என்னைக் கோபப்படுத்தியது பொம்மை இல்லை. அதே வேலையைப் பற்றி வந்த குழந்தைப் புத்தகம். அதில் பார்பி விளையாட்டுக்குப் படம் மட்டும் வரைகிறாள், நிரல் எழுத இரண்டு பையன்களின் உதவி தேவைப்படுகிறது. லேப்டாப்பில் வைரஸ் வந்தால் அதையும் அவர்கள்தான் சரிசெய்கிறார்கள். 2014இல் பெண் நிரலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். மேட்டல் மன்னிப்புக் கேட்டது, புத்தகம் விற்பனையிலிருந்து போனது. பெட்டகம் அக்கா, உங்கள் கட்சிக்கு இது ஆதரவா எதிர்ப்பா என்று எனக்குத் தெளிவாகவில்லை. கையில் கொடுத்த கருவி ஒன்றைச் சொல்கிறது, கதை வேறொன்றைச் சொல்கிறது.

பெட்டகம் எழுதியது:

நிரலி, என் கட்சிக்கு ஆதரவுதான். கதையை வளர்ந்தவர்கள் எழுதுகிறார்கள், கருவியைப் பிள்ளை எடுத்து விளையாடுகிறாள். லேப்டாப் கையில் இருக்கும் பொம்மைக்கு எந்தப் பையனின் உதவியும் வேண்டாம் என்று அவள் முடிவெடுத்துவிட்டால் யாராலும் தடுக்க முடியாது.

என் மிகப் பிடித்தமான சான்றைச் சொல்கிறேன். 1985 சமயத்தில் வந்த, பகலில் அலுவலகம் இரவில் விருந்து என்ற பொம்மை. இளஞ்சிவப்பு கோட்டு. பாவாடையை உள்புறம் வெளியே திருப்பினால் மாலை விருந்து உடை. அந்த உடையைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நீங்கள் அவளுடைய கைப்பெட்டியைத் திறந்து பாருங்கள். கணக்குப்பொறி, செய்தித்தாள், முகவரி அட்டை, ஒரு கடன் அட்டை. 1974இல் சமக் கடன் வாய்ப்புச் சட்டம் வருகிறவரை, அமெரிக்க வங்கிகள் பெண்ணுக்குக் கடன் அட்டை தர மறுக்கலாம், கணவன் கையெழுத்தைக் கேட்கலாம், அப்படித்தான் கேட்டும் வந்தன. பதினொரு ஆண்டில் அந்த உரிமை ஒரு பொம்மையின் பெட்டிக்குள் நகத்தளவு அட்டையாக வந்து உட்கார்ந்துவிட்டது, அதில் யாருக்கும் விசேஷம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு சட்டம் நடைமுறை வாழ்க்கையில் கலந்துவிட்டது என்பதற்கு இதை விட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

கடன் அட்டை விஷயத்தில் நான் உங்கள் பக்கம். மறுக்க இடமில்லை.

ஆனால் யார் கையில் எது என்று பேசும்போது யாருடைய கை என்பதையும் பேச வேண்டும். மேலே சொன்ன 1961, 1965 பெட்டிகள் எல்லாம் வெள்ளைத் தோல் பொம்மைக்காக வந்தவை. 1969இல் மேட்டல் ஜூலியா என்ற பொம்மையைக் கொண்டுவந்தது. டயான் கேரல் நடித்த தொலைக்காட்சித் தொடரின் கறுப்பினச் செவிலியர் பாத்திரம். வீட்டு வேலைக்காரியாக அல்லாமல், படித்து வேலை பார்க்கும் கறுப்பினப் பெண்ணை மையமாக வைத்த தொடர் அந்தக் காலத்தில் மிக அரிது. பொம்மைக்கும் வெள்ளைச் சீருடை, தொப்பி. பார்பி என்ற பெயரிலேயே கறுப்பினப் பொம்மை வர 1980 ஆகிவிட்டது. அதை வடிவமைத்தவர் கிட்டி பிளாக் பெர்கின்ஸ், அவரும் கறுப்பினப் பெண்மணி.

இன்னும் ஒரு செய்தி. பார்பிக்கு முன்மாதிரி ஜெர்மனியின் லில்லி பொம்மை என்பது தெரிந்ததே. பில்ட் நாளிதழில் 1952 முதல் வந்த சித்திரக் கதையின் நாயகி அவள். அந்தக் கதையில் லில்லி ஓர் அலுவலகச் செயலாளர். மாதச் சம்பளம் வாங்கி வாழ்கிற பெண்தான் இந்த வம்சத்தின் முதல் பொம்மை.

ஊசிநூல் எழுதியது:

ஐயா, லில்லியைப் பற்றி இந்தக் கோணம் எனக்குப் புதிது. நன்றி.

புதியவன்_தாம்பரம் எழுதியது:

வணக்கம். நான் இந்த விஷயத்துக்குப் புதியவன். அமெரிக்காவில் வாழ்ந்த என் பெரியம்மா விட்டுச்சென்ற ஒரு பெட்டியில் பழைய பார்பி ஒன்று இருக்கிறது. காது இரண்டும் பச்சையாக இருக்கின்றன. கால்களைத் தொட்டால் பிசுபிசுக்கிறது. கருநீலச் சீருடை, தொப்பி, தோள்பை இருக்கின்றன, மேலே வான்மதி அக்கா சொன்னது போல. எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்திருக்கிறது. சோப்பு போட்டுக் கழுவலாமா? எப்படி வைப்பது?

பெட்டகம் எழுதியது:

தம்பி, முதலில் கழுவும் யோசனையை விட்டுவிடுங்கள். துணியில் நீர் பட்டால் பழைய சாயம் ஓடிவிடும், பொம்மையின் உள்ளே ஈரம் தங்கும்.

காது பச்சையானதற்குக் காரணம் தோடு. அதன் உலோகத் தண்டில் உள்ள செம்பு காலப்போக்கில் அரித்து வினைலில் இறங்கிவிடும். தோடு இன்னும் காதிலேயே இருந்தால் மெதுவாகக் கழற்றித் தனி உறையில் போட்டு வையுங்கள், கறை மேலும் பரவாது. பருவுக்குப் போடும் களிம்பைத் தடவினால் கறை போகும் என்று சிலர் சொல்வார்கள். அது முகத்தின் நிறத்தையும் சேர்த்து வெளுக்கச் செய்யும், ஆகவே வேண்டாம்.

பிசுபிசுப்பு, வினைலை மிருதுவாக்கக் கலந்த எண்ணெய் போன்ற பொருள் மேலே கசிவதால் வருவது. நம் ஊர் வெக்கையிலும் புழுக்கத்திலும் அது வேகமாகும். பிளாஸ்டிக் உறையைப் பிரித்துவிடுங்கள், காற்று வேண்டும். உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கடினமான பிளாஸ்டிக் சாமான்கள் எதுவும் காலைத் தொடும்படி வைக்காதீர்கள், கசியும் பொருள் அவற்றையும் இளக்கிவிடும். துணிகளை அமிலமில்லாத மெல்லிய காகிதத்தில் சுற்றுங்கள், செய்தித்தாள் கூடாது. ரப்பர் பேண்ட், செல்லோ டேப் இரண்டும் அருகில்கூட வர வேண்டாம். பீரோவின் மேல்தட்டில் வைக்காமல், வெயில் படாத கீழ்த்தட்டில், காற்றோட்டமான அட்டைப் பெட்டியில் வையுங்கள்.

பிறகு இரண்டு படம் எடுத்துப் போடுங்கள். ஒன்று, கோட்டின் உள்ளே தைத்திருக்கும் துணிச்சீட்டு, எழுத்து தெரியும்படி. மற்றொன்று, தொப்பியில் உள்ள சிறகுச் சின்னம். பழைய உடைகளையே பிற்காலத்தில் மறுபதிப்பாகவும் மேட்டல் வெளியிட்டது, அதனால் துணிச்சீட்டைப் பார்க்காமல் எதுவும் சொல்ல மாட்டேன்.

வான்மதி எழுதியது:

பெயர் பொறித்த பயணப் பை இருக்கிறதா என்றும் பெட்டியின் அடியில் நன்றாகத் தேடிப் பாருங்கள், தம்பி. பெரும்பாலும் தொலைந்துபோவது அதுதான். துணிச்சீட்டுப் படம் வந்ததும் ஊசிநூல் அக்காவும் தையலைப் பார்த்துச் சொல்லட்டும்.

ஊசிநூல் எழுதியது:

பாவாடையின் கீழ் மடிப்பை உள்புறம் திருப்பி ஒரு படம் எனக்காகவும் எடுத்துப் போடுங்கள். கைத்தையலா எந்திரத் தையலா என்று பார்க்க வேண்டும்.